ஒரு வேலையாப் போனேன்

எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா ஊர் சுற்றப் போவதில்லை. எங்கே கிளம்பினாலும் கையில் ஒரு வேலை இருக்கும். போடிக்குப் போகிறவர் மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிறார். கம்பத்துக்குப் போகிறவர் துக்கம் விசாரிக்கப் போகிறார். மூணாறு போய் வந்தவரைக் கேட்டால் ஆதார் கார்டில் விலாசம் திருத்தியதாகச் சொல்வார். அந்த வேலை கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். விடிகாலை பஸ்ஸில் போனவர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறாரே, மிச்ச நேரமெல்லாம் என்ன செய்தார் என்று துருவிக் கேட்பது மரியாதையில்லை.

நான் பிறந்தது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இடுக்கி மாவட்டத்தில், சாந்தன்பாறைக்கு அருகே ஏலக்காட்டில். இரண்டும் கேரளம், இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. நவம்பர் 1, கேரளப் பிறவி நாளில், அந்தப் பிள்ளைகள் கசவுக்கரை முண்டு கட்டி வந்து மலையாளப் பாட்டுப் பாடும். தீபாவளி முடிந்த மறுநாள் போடியில் எடுத்த புதுச்சட்டையைப் போட்டு வரும். பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. எல்லை ஓரத்து ஆட்களுக்கு எல்லையைத் தாண்டுவது அன்றாடம். ஆனால் ஆசைக்காக மட்டும் தாண்டினேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இது வெறும் கூச்சமா, இல்லை சின்னச் சின்னச் சந்தோஷங்களைச் சேதமில்லாமல் கொண்டுபோக எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழியா? ஐப்பசி பிறந்தால் இந்தக் கேள்வி எனக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

ஐப்பசியில் ஓடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜூனில் பிடிக்கிற தென்மேற்கு மழை மலையில் நான்கு மாதம் ஆட்களை வீட்டுக்குள் கட்டிப்போடும். துணி காயாது. தீப்பெட்டி பற்றாது. செருப்பில் பூஞ்சை பிடிக்கும். தோட்டத்துக்குள் கால் வைத்தால் அட்டை. பிறகு துலாவர்ஷம் என்று இங்கே சொல்லுகிற வடகிழக்கு மழை வரும்போது வானத்தின் குணமே மாறிவிடும். காலையில் கழுவித் துடைத்த மாதிரி வெயில். மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி, மின்னல், கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு ராத்திரிக்குள் ஓய்ந்துவிடும். ஆக, நாளில் பாதி நம் கையில். ஏலக்காய் எடுப்பும் அப்போதுதான் மும்முரம். ஆகஸ்டில் தொடங்கி மாசி வரை சுற்றுச் சுற்றாகக் காய் எடுத்தாலும் அக்டோபர், நவம்பரில் வருகிற காய்தான் வருஷத்துக் கணக்கைத் தீர்மானிக்கும். கையில் நாலு காசு, தலைக்கு மேல் பாதி நாள் வெயில், காலண்டரில் தீபாவளி. வேலைகள் தானாக முளைக்க வேறென்ன வேண்டும்?

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பிறந்தது மலைக்குக் கீழே தேவாரத்தில். ஐப்பசியில் அவருடைய கண்ணாடி தவறாமல் பழுதாகும். ஒரு வருஷம் கால் ஆடும், ஒரு வருஷம் திருகாணி விழும், ஒரு வருஷம் ஒன்றுமே ஆகாமல் "பார்வை மங்கலாத் தெரியுது தாயி" என்பார். போடியில் கடைக்காரர் பார்த்துத் திருகிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் போடிமெட்டு வருகிறதே. கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகிற நெடுஞ்சாலை அங்கேதான் மலையை விட்டு இறங்க ஆரம்பிக்கிறது. இரண்டு அரசுகளின் செக்போஸ்டும் அங்கேதான். அதற்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் நிற்கிற நேரத்தில் அத்தை இறங்கி, கட்டன்சாயா ஒன்று வாங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். அடியிலிருந்து சூடான காற்று ஏறி வரும். மலையில் குளிருக்குப் போர்த்தி வந்த துண்டை அங்கேதான் எடுப்பார். மலைக்கு மழை ஆடி ஆவணியில் என்றால் அந்தச் சமவெளிக்கு மழை ஐப்பசியில். கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்து வெயிலில் மின்னிக்கொண்டிருக்கும். தேவாரத்துக் கண்மாய் எது என்று விரலை நீட்டிக் காட்டுவார். வருஷத்துக்கு ஒரு கண்மாயைக் காட்டுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கண்ணாடி பழுதான பார்வைக்கு அவ்வளவு தூரம் தெரிகிறதே என்று நான் கேட்டதில்லை.

போடியில் இறங்கியதும் கண்ணாடி, பிறகு துணிக்கடை, பிறகு காராச்சேவு. பல்செட் போட்ட பிறகும் அவர் காராச்சேவை விடவில்லை. வீட்டுக்கு வந்து சாயாவில் நனைத்து நனைத்துத் தின்பார். ராத்திரி யாராவது கேட்டால் பதில் தயார்: "கண்ணாடிக்கு ஒரு வேலையாப் போனேன்."

இந்த வித்தையை நான் அவரிடம் கற்றுக்கொள்ளவில்லை. அம்மாவிடமே பார்த்திருக்கிறேன். எனக்கு மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்ததாம். கல்பாத்தி விசுவநாத சுவாமிக்குத் தேர் பார்க்க வருவதாக அம்மா வேண்டிக்கொண்டாராம். நான் கல்லூரிக்குப் போகும் வரைக்கும் அந்தக் காய்ச்சலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். ஐப்பசி கடைசியில், நவம்பர் நடுவில், கல்பாத்தித் தேர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வழியாகப் பாலக்காட்டுக்குப் பஸ். அந்த நாட்களில்தான் காற்றும் திரும்பும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. ஆடியில் மேற்கேயிருந்து பொள்ளாச்சிப் பக்கம் பாய்கிற காற்று, கார்த்திகை நெருங்கியதும் கிழக்கேயிருந்து பாலக்காட்டுக்குள் பாயும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். உதடு வெடிக்கும், பனையோலை ராத்திரியெல்லாம் சலசலக்கும், ஈரத்துணி அரை மணியில் காய்ந்துவிடும். அம்மாவுக்கு அந்தக் காற்று பிடிக்கும். துணி சீக்கிரம் காய்வதால் பிடிக்கும் என்றுதான் சொல்வார்.

கல்பாத்தியில் அக்ரகாரத் தெரு குறுகலானது. வடத்தை முன்னால் ஆட்கள் இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியால் தேரைத் தள்ளும். தேர் நகரும்போது அம்மா கும்பிடுவார், அது இரண்டு நிமிடம். மிச்சமெல்லாம் தேர்க்கடைகள். வளையல்காரர் அம்மாவின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்துக் குவித்து, எலும்பு மடங்குகிற இடத்தில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். கண்ணாடி வளையல் சட்டென்று மணிக்கட்டுக்கு இறங்கிவிடும். வலியில் அம்மா சிரிப்பார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு டஜன் வளையல், எனக்குப் பலூன், அப்பாவுக்குப் பேரீச்சம்பழ அல்வா. அல்வா கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தால் வளையலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கோயிலைக் கட்டியவரும் ஒரு பெண் என்றுதான் சொல்கிறார்கள். லட்சுமி அம்மாள் என்ற விதவை. காசிக்குப் போய், அங்கிருந்து லிங்கம் கொண்டுவந்து, 1425ல் பாலக்காட்டு மன்னரிடம் பொன் கொடுத்துக் கோயில் எழுப்பச் செய்தார் என்பது ஐதிகம். காசியில் பாதி கல்பாத்தி என்று சொலவடையே உண்டு. எனக்கு அந்தக் கதையில் கோயிலை விடக் காசிப் பயணம்தான் பெரிதாகத் தெரிகிறது. தாலியறுத்த ஒரு பெண் அந்தக் காலத்தில் பாலக்காட்டை விட்டு கங்கைக் கரை வரை போக வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க முடியும்? அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. பக்தி உள்ள கண்ணுக்கும் வழியில் ஆறுகளும் சந்தைகளும் தெரியாமல் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாயங்காலம் ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெரு பெஞ்சுக்குப் போய்விடுவார். எதற்குப் போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவருக்கு வேண்டுதலும் இல்லை, கண்ணாடிப் பழுதும் இல்லை.

சாக்குச் சொல்லிச் சந்தோஷத்துக்குப் போவது எங்கள் மலைக்குப் புதிதும் இல்லை. குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்று வகுத்தார்கள். கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். அந்தத் திணையில் தலைவி நேராகக் காதலனைப் பார்க்கப் போவதில்லை, தினைப்புனத்தில் கிளி விரட்டப் போகிறாள். அவனும் நேராக வருவதில்லை. அம்பு பட்ட யானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருகிறான். வேழம் வினாதல் என்று அதற்குப் பெயர் வைத்து இலக்கணத்தில் சேர்த்துவிட்டார்கள். யானையே கிடையாது என்பது கேட்கிறவனுக்குத் தெரியும், கேட்கப்பட்டவளுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற தோழிக்கு இரண்டு பேரையும் விட நன்றாகத் தெரியும். மூன்று பேரும் சேர்ந்து அந்த யானையைக் காப்பாற்றுகிறார்கள். (சின்னக்கானல் பக்கம் இன்றைக்கு யாராவது இதே கேள்வியைக் கேட்டால் காதல் நடக்காது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அங்கே யானை விசாரணை முழு நேர வேலைதான்.)

சாக்கு ஊர் சுற்றுவதற்கு மட்டும் இல்லை, பூனை வளர்ப்பதற்கும் உண்டு.

எங்கள் ஸ்டோரில் ஒரு பூனை இருக்கிறது. ஸ்டோர் என்றால் கடையில்லை, ஏலக்காய் உலர்த்துகிற கட்டிடம். சாம்பல் நிறத்தில் வரி போட்ட பெட்டைப் பூனை. பக்கத்து வீட்டு மலையாளிச் சேச்சி அதற்குக் குறிஞ்ஞி என்று பெயர் வைத்தார். மலையாள வீடுகளில் பூனைக்கு வழக்கமாக வைக்கிற பெயர்தான் அது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் பூனையைப் பார்க்கும் முன்பே, அத்தை சொல்லிவிடுவார்: "எலிக்காக வச்சிருக்கோம்."

எலி இருப்பது உண்மை. ஏலக்காயை எலியும் தின்னும், அணிலும் தின்னும். சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அதில் எலி வாய் வைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது எங்கள் பக்கத்தில் மனிதருக்கே மனிதர் காவல் போட்டார்கள், பூனைக்கு மரியாதை கூடியதில் ஆச்சரியமில்லை. பிறகு விலை சரிந்தது. பூனையின் மரியாதை சரியவில்லை.

ஆனால் குறிஞ்ஞி எலி பிடித்ததைப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்டோரில் அடுப்பு எரிகிற ராத்திரிகளில் அதன் நடவடிக்கையைப் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறேன். காய் தட்டுகளில் பரப்பியிருக்கும். உள்ளே 45 முதல் 55 டிகிரிக்குள் சூட்டை நிறுத்த வேண்டும். ஏறினால் காயின் பச்சை நிறம் போய்விடும், இறங்கினால் காய் வேர்க்கும். ராத்திரி முழுக்க யாராவது கண் விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுச்சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. சூடு சுவர் வழியாகக் கசிந்து அந்த மாடத்துக்கு வரும். பூனையின் உடம்புக்கு 30 முதல் 38 டிகிரி வரைதான் சுகம் என்று படித்திருக்கிறேன். எந்தப் புத்தகமும் படிக்காத குறிஞ்ஞி அந்த மாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. முதலில் முன்னங்கால்களை மடக்கிக் குந்தும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாயும். நடுராத்திரிக்கு மேல் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, ஒரு கால் மாடத்துக்கு வெளியே தொங்க, குறட்டை விடும். எலி கீழே ஓடினால் ஒரு காது மட்டும் திரும்பும். அதன் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்தால் ஏலக்காய் வாசம். எட்டு எம்.எம். காய் வாசம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், தரம் பிரிக்கிறவர் வாயிலிருந்து வேறென்ன வரும்.

கார்த்திகை பிறந்ததும் சிக்கல். வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடுவார். 41 நாள் விரதத்தில் வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. மீன் வண்டி ஹார்ன் சத்தம் வளைவில் கேட்டதும் குறிஞ்ஞி வாசலுக்கு ஓடும். அத்தை பின்னாலேயே போவார். கால் கிலோ மத்தி வாங்கி, ஸ்டோருக்குப் பின்புறம் மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் அவித்து, முள் எடுத்துப் போடுவார்.

"எலி பிடிக்கிற பூனைக்கு மீன் எதுக்கு அத்தை?"

"எலிக்குப் பின்னாடி ஓடத் தெம்பு வேண்டாமா தாயி?"

முள் எடுக்கிற விரல்களைக் கவனித்தால் விஷயம் வேறு என்று தெரிந்துவிடும். என் பிள்ளைகளுக்குக்கூட அவர் அவ்வளவு நிதானமாக முள் எடுத்ததில்லை. இருட்டுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே சேர்த்துக் கதவைச் சாத்துவதும் அவர்தான். சிறுத்தையை இங்கே புலி என்பார்கள். புலி நாயைத் தூக்கும், பூனையையும் விடாது. "பூனை போனா ஏலக்காய் போச்சு" என்பார்.

இந்த எலிச் சாக்கும் பழையதுதான் போல. சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்ற இடத்தில் தோண்டியபோது ஏறக்குறைய 9500 வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழி கிடைத்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு குழியில் ஒரு முழுப் பூனையின் எலும்புகள். 2004ல் அந்த ஆய்வு வெளியானது. அந்தத் தீவில் பூனை இயற்கையாகக் கிடையாது, யாரோ படகில் கொண்டுவந்திருக்க வேண்டும். பயிர் செய்ய ஆரம்பித்த மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். சரி, வந்தது. ஆனால் எலிக்காக மட்டும் வைத்திருந்த பிராணியை யார் மனிதனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் புதைப்பார்கள்? அந்த ஊரிலும் வந்தவர் போனவரிடமெல்லாம் எலிக்காக என்று சொல்லிக்கொண்டு ஒரு கிழவி இருந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன்.

ஆக, சாக்கு என்பது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணாடி உண்மையிலேயே ஆடியது. காய்ச்சல் உண்மையிலேயே வந்தது. எலி உண்மையிலேயே இருக்கிறது. அந்த உண்மைக்குப் பின்னால் ஆசையை உட்கார வைத்தால் அதை யாரும் எடைபோட மாட்டார்கள். இது தேவையா, இதற்கு எவ்வளவு செலவு, இதனால் என்ன லாபம் என்கிற கேள்விகளெல்லாம் கண்ணாடிக்குப் போய்ச் சேரும். மெட்டில் குடித்த கட்டன்சாயாவைத் தொடாது. சந்தோஷமாக இருந்தேனா என்று தனக்குத் தானே கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலை முடிந்ததா? முடிந்தது.

சாக்கே இல்லாமல் வருகிறவர்களையும் பார்க்கிறோமே. 2022 அக்டோபரில் சாந்தன்பாறைக்குப் பக்கம் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. ஒரு மலையில் 12 வருஷத்துக்கு ஒரு முறை என்றாலும், மலைக்கு மலை கணக்கு வேறு. இரவிகுளத்தில் 2018ல் பூத்தது, அடுத்தது 2030ல். கள்ளிப்பாறைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் எல்லா மூலையிலிருந்தும் வண்டி வந்தது. மூணாறிலிருந்து அரசு பஸ்ஸே தனியாக விட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் நெரிசல். சரிவில் ஏறினவர்கள் பூவைப் பார்த்த நேரத்தை விட, பூவுக்கு முன்னால் நின்று தங்களைப் பார்த்துக்கொண்ட நேரம் அதிகம். சிலர் கொத்தாகப் பறித்தும் கொண்டுபோனார்கள், பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் போனார்கள். இன்பத்துக்கென்றே வந்தவருக்கு, வந்ததற்கு ரசீது வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டோ இல்லாவிட்டால் ஆறு மணி நேர நெரிசலுக்கு யார் பதில் சொல்வது? நாங்களும் போனோம். மதுரையிலிருந்து வந்த விருந்தாளிக்குக் காட்டுவதற்காகத்தான் போனோம் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். விருந்தாளி கால் வலி என்று ஜீப்பிலேயே உட்கார்ந்துவிட்டார், ஏறிப் போய்ப் பார்த்தது அத்தை.

இந்த ஊர் சுற்றும் பூகோளத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சூரிய உதயம் பார்க்கப் பெயர் போன கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில். பறம்பிக்குளம் கேரளத்தில், என் சித்தூர் தாலுகாவிலேயே இருக்கிறது. வண்டி போவது பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியே. தன் கொல்லைக்குப் போக அடுத்த வீட்டு வாசலில் நுழைய வேண்டிய நிலைமை இரண்டு அரசுகளுக்கும்.

ஆனால் சாக்கைப் பற்றி நல்லதையே பேசிக்கொண்டிருந்தால் நான் யாரையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். விடிவதற்கு முன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்கள் ஏறி வருகின்றன. ஒவ்வொன்றிலும் காய் எடுக்க வருகிற பெண்கள், நெருக்கியடித்து, மடியில் தூக்குவாளி. அத்தை ஐப்பசிக்கு ஐப்பசி நின்று பார்க்கிற அதே மெட்டை அவர்கள் தினமும் இரண்டு தடவை கடக்கிறார்கள். காலையில் இருட்டு, சாயங்காலம் மழை. தார்ப்பாய் இறக்கிவிட்ட ஜீப்பில் வெளியே ஒன்றும் தெரியாது. ஏலச்செடித் தட்டைக்கு அடியில் குனிந்து குனிந்து சரத்திலிருந்து காய் பறிக்கிற வேலை. நாள் முழுக்கக் கண் தரையில்தான். அவர்களிடம் வேலை இருக்கிறது, வேலைக்குப் பின்னால் உட்கார வைக்கத்தான் எதுவும் இல்லை.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, பெரும்பாலும் தமிழ் பேசுகிற ஆயிரக்கணக்கான பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒன்பது நாள் மூணாறு டவுன் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். போனஸாகவும் கருணைத் தொகையாகவும் சேர்த்து அந்த 20 சதவீதத்தை வாங்கினார்கள். செய்தித்தாள்கள் அதைக் கூலிப் போராட்டம் என்று எழுதின, சரிதான். எனக்கு அந்தப் பத்து சதவீதம் வேறு மாதிரியும் தெரிகிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிற ஒரு குடும்பத்தில் போனஸ் பணம்தான் அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் மிஞ்சக்கூடிய பணம். பிள்ளைக்குச் சட்டை, சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் பஸ் சார்ஜ், ஒரு டஜன் வளையல். அதில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

அம்மாவுக்கு வேண்டுதலும் அத்தைக்குக் கண்ணாடியும் தேவைப்பட்டதில் எனக்கு வருத்தம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தேவைப்படவில்லையே. சாக்கு சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறது என்றால், யாருடைய சந்தோஷத்துக்குக் காவல் தேவைப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும். என் வகுப்பில் பெண் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு வீட்டில் அனுமதி கேட்கும்போது 'பாடத்துல வருது' என்று சொல்லச் சொல்லித் தருகிறார்கள், ஒருத்திக்கு ஒருத்தி. பையன்கள் பணம் மட்டும் கேட்கிறார்கள்.

அதனால் போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, வீட்டில் சொன்னேன்: "சும்மா தேனி வரைக்கும் போயிட்டு வர்றேன்."

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "தேனில யாரு?"

"யாரும் இல்லை அத்தை."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லை. சும்மா."

அரை மணி நேரத்தில் தோட்டத்திலிருந்து வீட்டுக்காரரின் போன். "அம்மா ஏதாவது சொன்னாங்களா? நான் ஏதாவது சொன்னேனா?" மாலை போட்டிருந்த சாமி, குரலில் பயம். பஸ் ஸ்டாப் வரை சேச்சி கூடவே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏறும்போது மட்டும், எதுவானாலும் திரும்பி வந்துவிடு என்கிற மாதிரி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

தேனிக்குப் போனது, ரயிலில் போடிக்குத் திரும்புவதற்காக. அவ்வளவே. மதுரை - போடி ரயில் 1928ல் வந்தது. மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையாக்கி 2023 ஜூனில்தான் போடி வரைக்கும் மறுபடி வண்டி ஓடியது. என் பிள்ளைகள் வளர்ந்த காலம் முழுவதும் அந்த ஸ்டேஷன் பூட்டிக் கிடந்தது. தேனியில், மதுரையிலிருந்து வந்த வண்டியில் ஏறினேன். ஜன்னல் ஓரம். தென்னை, வாழை, மழையில் நிறைந்த ஓடை, அதற்குப் பின்னால் மலை. பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்கும்போது மலை காலுக்கு அடியில் இருக்கும். முழு உருவம் தெரியாது. ரயில் நேராக மலையைப் பார்த்துப் போகிறது. நான் குடியிருக்கிற மலை இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பதினைந்து கிலோமீட்டர் முடிந்துவிட்டது. போடியில் இறங்கி, சாயா குடித்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பையில் ஒன்றும் வாங்கி வரவில்லை, வேண்டுமென்றேதான்.

ராத்திரி அத்தை பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நெசமாச் சொல்லு. எதுக்குப் போன?"

"ரயில்ல ஏறிப் பார்க்க."

"கூட்டமா?"

"இல்லை. ஜன்னல் சீட்டே கிடைச்சுது."

"மலை தெரிஞ்சுதா?"

"முழுசாத் தெரிஞ்சுது."

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அடுத்த வாரம் போனா என்னையும் கூட்டிட்டுப் போ தாயி. பல்லு வலிக்குது, தேனியில காட்டணும்."